‘நான் இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறேன்’: மனநலத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஓர் அறநெறி வழிகாட்டி

மனநலப் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் முதல் நாளே ஒரு தாளைக் கொடுத்து, இந்த வேலையில் உங்களுக்கு எது மிகவும் பயமாக இருக்கிறது என்று எழுதச் சொல்வேன். பெயர் எழுத வேண்டாம். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ‘தவறாக ஏதாவது சொல்லிவிடுவேனோ.’ இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒருவர் மட்டும் ‘தவறாகச் சொல்லிவிட்டு அதை மறைத்துவிடுவேனோ’ என்று எழுதியிருந்தார். பயப்பட வேண்டிய இடத்தில் பயந்தவர் அவர்தான்.

வகுப்பில் தன்னாட்சி, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று நான்கு தலைப்புகளைப் பலகையில் எழுதிப் போடுவார்கள். அவை பொய்யில்லை; தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பெண், ‘என் கணவருக்கு மட்டும் இது தெரிந்துவிடக் கூடாது’ என்று சொல்லும்போது, அந்த நான்கில் ஒன்றும் நாக்குக்கு வராது. அப்படிப்பட்ட நேரங்களில் என்ன செய்வது என்பதைப் பயிற்சிக் காலம் நகரும் வரிசையிலேயே இங்கே சொல்கிறேன்.

நெறிமுறைகள் பிறந்த விதமும் இப்படித்தான். அமெரிக்க உளவியல் சங்கம் தன் முதல் நெறிமுறைத் தொகுப்பை 1953இல் வெளியிட்டது. நிக்கோலஸ் ஹாப்ஸ் தலைமையிலான குழு, வேலையில் தாங்கள் நேரில் சந்தித்த தர்மசங்கடங்களை எழுதி அனுப்பும்படி சங்கத்தின் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டு, வந்த கடிதங்களை வைத்தே விதிகளை வகுத்தது. மாட்டிக்கொண்டவர்கள் வாய் திறந்து சொன்னதால் உருவான விதிகள் அவை.

சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்

இந்தத் துறையில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. மருத்துவ உளவியலாளரைப் பொறுத்தவரை அது தவறு. 1992ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி அவர் அந்தக் கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (பெரிய நகரங்களில் ஓர் அமர்வுக்கே அதைவிட அதிகம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.) 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுக்கிறது: கவுன்சில் அங்கீகரித்த தகுதி வேண்டும்; உளவியல் முதுகலைக்குப் பின் எம்.ஃபில். வழியாக வருபவர் என்றால், மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேரப் படிப்பை முடித்திருக்க வேண்டும். இப்போது எம்.ஃபில். என்ற பட்டத்தின் பெயரே மாறிவருகிறது. பெயர் எதுவானாலும், கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் பட்டியலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரியின் துண்டுப்பிரசுரத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஆலோசகர்கள், பிற உளவியலாளர்கள், மனநலச் சமூகப்பணியாளர்கள் ஆகியோரை 2021ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் தேசிய ஆணையச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

ஆறு வார இறுதி வகுப்புகளில் ‘சான்றளிக்கப்பட்ட சிகிச்சையாளர்’ ஆக்கிவிடுகிறோம் என்று விளம்பரம் செய்யும் இடங்களைப் பற்றி என் கருத்து கடுமையானது. அங்கே கற்றுக்கொள்ள எதுவுமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சான்றிதழைக் காட்டி ஒருவரைத் தனியறையில் உட்காரவைத்துப் பேசத் தொடங்கினால், முதல் அறமீறல் அங்கேயே நடந்துவிடுகிறது.

சேர நினைக்கும் இடத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மேற்பார்வை? அது தனியாகவா, குழுவாகவா? மேற்பார்வையாளர் பதிவு பெற்றவரா? மாணவர் தானே அமர்வு நடத்துகிறாரா, அல்லது மூலையில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறாரா? மாணவரும் சிகிச்சைக்குப் போக வேண்டும் என்பது விதியா? விதி என்றால், அந்தச் சிகிச்சையைத் தருபவர் யார்? கடைசிக் கேள்வி மிக முக்கியம். உங்களுக்கு மதிப்பெண் போடுபவரே உங்கள் அந்தரங்கத்தையும் கேட்டு உட்காரக் கூடாது. அமெரிக்கச் சங்கத்தின் நெறிமுறை இதை வெளிப்படையாகத் தடுக்கிறது. மாணவரின் பாலியல் வரலாறு, சிறுவயதில் பட்ட கொடுமை, எடுத்துக்கொண்ட சிகிச்சை போன்றவற்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது. அப்படி ஒரு தேவை இருந்தால் சேர்க்கையின்போதே தெளிவாக அறிவித்திருக்க வேண்டும் என்கிறது. மாணவரின் பிரச்சினை அவருடைய பயிற்சியையோ பிறரையோ பாதிக்கிறது என்ற நிலை மட்டும் விதிவிலக்கு. நம் ஊரில் ‘குழுப் பகிர்வு’ என்ற பெயரில் முப்பது பேர் நடுவில் மாணவரை அழவைத்து, அதையே பயிற்சி என்று சொல்லும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மறுக்கலாம். மறுத்ததற்காக மதிப்பெண் குறைந்தால் அதை எழுத்தில் கேட்கலாம்.

முதல் வாரம்: சட்டத்தைப் படியுங்கள், சொற்களைக் கவனியுங்கள்

2017ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒரு முறையாவது முழுதாகப் படித்துவிடுங்கள். வாசிக்க எளிதான சட்டம்தான். 95ஆம் பிரிவில் தடை செய்யப்பட்ட செயல்களின் பட்டியல் வரும். எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டிவைக்கக் கூடாது என்ற வரி அதில் இருக்கிறது. அதைப் படிக்கும்போது 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதியை நினைத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நம் துறையின் சட்ட வாசகங்கள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவை என்று யாராவது சொன்னால், இந்த ஒரு வரியைக் காட்டுங்கள்.

அடுத்தது பேச்சு. மருத்துவமனை வராந்தாவில் ‘இன்றைக்கு எனக்கு ஒரு நல்ல கேஸ் கிடைத்தது’ என்று மாணவர்கள் மகிழ்ச்சியாகச் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். நல்ல கேஸ் என்றால் என்ன? ஒருவருடைய வாழ்க்கை பாடப்புத்தகத்தில் உள்ளபடியே சிதைந்திருக்கிறது என்று பொருள். நான் இந்தச் சொல்லைத் திருத்துவதோடு நிறுத்துவதில்லை. அந்த மாணவரை அழைத்து, வந்தவரின் ஊர் எது, என்ன வேலை பார்க்கிறார், எதில் வந்து இறங்கினார் என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் இருக்காது. இந்தக் கட்டுரையில் ‘நோயாளி’ என்றும் எழுதவில்லை, ‘கிளையண்ட்’ என்றும் எழுதவில்லை. ‘வருபவர்’ என்றே எழுதுகிறேன்.

முதல் அமர்வு: ஐந்து நிமிடம்

முதல் அமர்வின் முதல் ஐந்து நிமிடத்தை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். மற்றதை மனப்பாடம் செய்யாதீர்கள். நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘வணக்கம். என் பெயர் இன்னது. நான் இங்கே பயிற்சியில் இருக்கிறேன். எனக்கு மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார். நாம் பேசுவதை, உங்களுக்குச் சரியாக உதவுவதற்காக, அவரிடம் கலந்து பேசுவேன். வேறு யாரிடமும் சொல்லமாட்டேன், உங்கள் வீட்டாரிடமும். இதற்குச் சில விதிவிலக்குகள் இருக்கின்றன. உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால், நீதிமன்றம் கேட்டால், தேவையான அளவுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். பயிற்சியில் இருப்பவரிடம் பேச விருப்பமில்லை என்றால் சொல்லுங்கள், மூத்தவரிடம் ஏற்பாடு செய்கிறோம். அதில் எனக்கு வருத்தம் இல்லை.’

இதில் மாணவர்கள் விழுங்கிவிடும் வாக்கியம் ‘நான் பயிற்சியில் இருக்கிறேன்’ என்பதுதான். மதிப்பு போய்விடும் என்று பயம். வருபவர் ‘டாக்டர்’ என்று அழைத்தால் திருத்தாமல் விட்டுவிடும் ஆசை இன்னும் வலியது. அதிலும் அறுபது வயதுக்காரர் ‘டாக்டரம்மா’ என்று சொல்லிக் கைகூப்பும்போது. திருத்துங்கள். ‘நான் டாக்டர் இல்லை ஐயா, உளவியல் படிக்கிறேன்’ என்றால் போதும். நீங்கள் யார் என்று தெரியாமல் கொடுத்த ஒப்புதல், ஒப்புதலே ஆகாது. அதோடு, சொன்ன பிறகு எழுந்து போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பெரும்பாலானோர், ‘அதனால் என்ன, நன்றாகக் கேட்கிறீர்கள்’ என்பார்கள்.

ஒலிப்பதிவு செய்ய வேண்டுமானால் தனியாக ஒப்புதல் வாங்குங்கள்: எதற்காக, யார் கேட்பார்கள், எப்போது அழிப்பீர்கள். படிவத்தில் கைரேகை வாங்கிவிட்டதால் புரிந்துவிட்டது என்று பொருளில்லை. ‘நான் சொன்னதில் உங்களுக்கு என்ன புரிந்தது, நீங்களே சொல்லுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள்.

பின்வரிசையில் மாணவர் கூட்டம் நிற்பதற்கும் இதே விதிதான். நான் படித்த காலத்தில் ஒரு மருத்துவமனையில் எட்டு மாணவர்கள் சுற்றி நிற்க, நடுவில் ஓர் இளைஞர் உட்கார்ந்து தனக்குக் கேட்கும் குரல்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. பேசி முடித்ததும் அவர் எங்களைப் பார்த்து, ‘இவர்கள் எல்லாரும் யார்?’ என்றார். ஆசிரியர் பதில் சொல்வதற்குள் அடுத்தவரை அழைத்துவிட்டார்கள். அந்த எட்டு பேரில் நானும் ஒருத்தி; பதில் சொல்லாமல் நின்றவர்களிலும் ஒருத்தி.

வாசலில் காத்திருக்கும் அப்பா

நம் ஊரில் ரகசியம் காப்பதற்கு வரும் முதல் சோதனை குடும்பம். இருபத்திரண்டு வயது மகனை அப்பா அழைத்து வருவார், கட்டணம் அவர்தான் கட்டுவார், அமர்வு முடிந்ததும் வாசலில் நின்று, ‘என்ன சொன்னான்?’ என்று கேட்பார். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. தவிப்புதான். புத்தகத்தில் உள்ளபடி ‘அது ரகசியம், சொல்ல முடியாது’ என்று முகத்திலடித்தாற்போலச் சொன்னால் அடுத்த வாரம் மகன் வரமாட்டான். இதை வாசலில் சமாளிக்க முயலாதீர்கள். அமர்வின் தொடக்கத்திலேயே இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, ‘இவர் என்னிடம் சொல்வது என்னிடமே இருக்கும். உங்களுக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருந்தால், இவரைக் கேட்டுக்கொண்டு, இவரை வைத்துக்கொண்டே சொல்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். அப்பாவின் தவிப்பைக் கேட்க அவருக்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கேட்பதற்குத் தடையில்லை. சொல்வதற்குத்தான் தடை.

2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. விதிவிலக்குகளும் அதிலேயே இருக்கின்றன: வருபவர் தன் சார்பாக நியமித்த பிரதிநிதி, சிகிச்சையில் உதவும் பிற மருத்துவர்கள், பிறருக்கு வரும் ஆபத்தைத் தடுத்தல், உயிராபத்தைத் தடுத்தல், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் போன்றவற்றின் உத்தரவு, பொதுப் பாதுகாப்பு. ஆபத்தைத் தடுக்கச் சொல்லும்போதும் அதற்குத் தேவையானதை மட்டும்தான் சொல்லலாம். மகனின் உயிருக்கு ஆபத்து என்று அப்பாவிடம் சொல்லலாம். மகனின் காதலியின் சாதியைச் சொல்லத் தேவையில்லை.

வெளியே கசிவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் இல்லை, அசட்டையால். மருத்துவமனை வாசல் டீக்கடை, பஸ், மாணவர் விடுதி. பெயரைச் சொல்லாவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். ‘அந்த உர டிப்போ வைத்திருப்பவரின் இரண்டாவது மகள்’ என்றால் சிற்றூரில் பெயர் எதற்கு? கைபேசியில் குறிப்பேட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘இதற்கு என்ன நோயறிதல்?’ என்று கேட்காதீர்கள். அமர்வுக் குறிப்பை அப்படியே செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஒட்டி அறிக்கை எழுதச் சொல்வதும் அதே வகைதான். நீங்கள் பேசியது அறையை விட்டு வெளியே போய்விட்டது.

குறிப்பு எழுதுவது பற்றி ஒன்றே ஒன்று. தன் அடிப்படை மருத்துவக் குறிப்புகளைக் கேட்டுப் பெறும் உரிமை வருபவருக்கு உண்டு. அவரே படித்தாலும் கூசாத சொல்லில் எழுதுங்கள்.

போக்சோவும் பதினேழு வயதும்

பயிற்சியில் இருப்பவர்களை அதிகம் தடுமாறவைப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால், சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. ‘எந்த நபரும்’ என்பது சட்டத்தின் சொல். ஆலோசகருக்கு விலக்கு இல்லை, மாணவருக்கும் இல்லை. தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பாளர் தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பதினேழு வயதுப் பெண் வந்து தன் வகுப்புத் தோழனோடு இருக்கும் காதலைச் சொல்லும்போது. 18க்குக் கீழ் என்றால் சம்மதத்தைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. அந்தப் பெண் சொல்லி முடித்த பிறகு, ‘ஐயோ, இதை நான் போலீசில் சொல்ல வேண்டும்’ என்று நீங்கள் விழித்தால் அவளுக்கு அது துரோகம். ஆகவே ரகசியத்தின் எல்லையை அவள் வாய் திறப்பதற்கு முன்பே, அவளுக்குப் புரியும் மொழியில் சொல்லிவிடுங்கள். எதைச் சொல்வது என்று அவள் முடிவு செய்துகொள்ளட்டும். அதன் பிறகும் சொன்னால், அன்றே மேற்பார்வையாளரிடம் போங்கள். அடுத்த வாரக் கூட்டம் வரை காத்திருக்கும் விஷயமில்லை இது. தகவல் தரும் முன் அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். யாரிடம், என்ன சொல்லப்போகிறீர்கள், அதன் பின் என்ன நடக்கும் என்று. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

‘இல்லை’ என்று நான் எழுதிய கட்டம்

பயிற்சியில் எனக்கு நான்காவது மாதம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் வந்திருந்தார். கணவர் இறந்து ஓராண்டு ஆகவில்லை. மடியில் மஞ்சள் பை, அதில் ரேஷன் கார்டும் மாத்திரைகளும். நிரப்ப வேண்டிய படிவத்தில் ‘தற்கொலை எண்ணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. என் அம்மா வயது, எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டேன். அவர் எழுந்து போகும்போது, ‘வருகிறேன்’ என்று சொல்லவில்லை, ‘போகிறேன் அம்மா’ என்றார். எங்கள் பக்கம் விடைபெறும்போது யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இரவெல்லாம் அந்த ஒரு சொல் காதில் இருந்தது. மறுநாள் காலை மேற்பார்வையாளர் அறைக்குப் போய், ‘நான் கேட்காமலே இல்லை என்று எழுதிவிட்டேன்’ என்று சொன்னேன். சொல்வதற்கு முன் வாசலில் இருமுறை திரும்பிப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. கோப்பைத் திறந்து தொலைபேசி எண்ணைப் பார்த்து, ரிசீவரை என் கையில் கொடுத்தார். அந்தப் பெண் எடுத்தார். மாத்திரைகளைச் சேர்த்து வைத்திருந்தார். அன்று மதியமே மகளோடு வந்தார்.

கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நேராகவே கேளுங்கள்: ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ சுற்றி வளைத்துக் கேட்டால் சுற்றி வளைத்த பதில்தான் வரும். முயற்சி செய்ததை வெளியே சொன்னால் வழக்கு வருமோ என்று வருபவர்கள் பயப்படுவார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. இதை அவரிடம் சொல்லுங்கள். அமர்வு இல்லாத நேரத்தில் அழைக்க, அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104 ஆகிய எண்களை எழுதிக் கையில் கொடுங்கள்.

மேற்பார்வைக்கு எதைக் கொண்டுபோவது

நன்றாக நடந்த அமர்வுகளைக் கொண்டுபோவதுதான் மாணவர் வழக்கம். மதிப்பெண் இருக்கிறதே. நான் கேட்பது வேறு: இந்த வாரம் எதை என்னிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்தாய்? தூக்கம் வந்துவிட்டது, வந்தவர் மேல் எரிச்சல் வந்தது, அழகாக இருக்கிறாரே என்று தோன்றியது, அவர் சாதியைத் தெரிந்துகொள்ள மனம் குறுகுறுத்தது, நேரமாகியும் எழுப்ப மனம் வரவில்லை. இவற்றில் எதுவும் குற்றமில்லை. சொல்லாமல் வைத்திருந்து அதன்படி நடந்துவிடுவதுதான் குற்றத்தில் போய் முடிகிறது. எல்லை மீறிய எந்த உறவும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. கூடுதலாகப் பதினைந்து நிமிடம், சொந்தக் கைபேசி எண், இரவு பதினொரு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி என்றுதான் வருகிறது.

பயிற்சி மணிக்கணக்கை ஏட்டில் கூட்டி எழுதாதீர்கள். பார்க்காதவரைப் பார்த்ததாக எழுதுவது, நண்பனின் அறிக்கையைப் பெயர் மாற்றி ஒப்படைப்பது எல்லாம் பல இடங்களில் சாதாரணமாக நடக்கிறது. நாளை அந்த மணிக்கணக்கை நம்பித்தான் ஒருவர் உங்கள் எதிரே உட்காரப்போகிறார்.

தெரியாததைத் தொடாதீர்கள்

மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்பார்கள், மருத்துவரிடம் அனுப்புங்கள். நுண்ணறிவுச் சோதனையைப் பயிற்சி இல்லாமல் செய்து எண்ணைச் சொல்லாதீர்கள். அந்த எண் ஒரு குழந்தையின் பள்ளிச் சேர்க்கையைத் தீர்மானிக்கும். சோதனைக் கருவிகளை நகலெடுத்து ஜூனியர்களுக்கு விற்காதீர்கள். கேள்விகள் வெளியானால் சோதனையே செத்துவிடும்.

தன்பாலீர்ப்பு உள்ள மகனை ‘சரிசெய்து’ தரும்படி பெற்றோர் அழைத்து வருவது இன்றும் நடக்கிறது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சுஷ்மா என்பவர் தொடுத்த வழக்கில் அப்படி மாற்ற முயலும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அதை மருத்துவர்களின் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. அந்த வழக்கில் எனக்கு மிகப் பிடித்தது தீர்ப்புக்கு முந்தைய கட்டம். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கு முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் நேரம் கேட்டுப் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியால் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்ல முடிந்தால், இரண்டாமாண்டு மாணவருக்கு என்ன தயக்கம்?

மேற்பார்வையாளரே தவறினால்

சொல்லச் சங்கடமான பகுதி இது. மாணவரின் பட்டம் மேற்பார்வையாளர் கையெழுத்தில் இருக்கிறது. அதனால் மாணவர் அவருக்கு ரயில் டிக்கெட் எடுக்கிறார், அவர் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார், தன் ஆய்வில் அவர் பெயரை முதலில் போடுகிறார். இவற்றில் எதுவும் பயிற்சி இல்லை. பாலியல் உறவு பற்றிப் பேச்சே இல்லை: மதிப்பிடும் அதிகாரம் இருக்கும் இடத்தில் ‘இருவர் விருப்பம்’ என்ற வாதம் நிற்காது, அமெரிக்கச் சங்கத்தின் நெறிமுறையும் அப்படித்தான் சொல்கிறது. தொல்லை என்றால், பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவிடம், நடந்த மூன்று மாதத்துக்குள், எழுத்தில் புகார் தரலாம். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். தேதி, நேரம், செய்திகள் எல்லாவற்றையும் அன்றன்றே குறித்துவையுங்கள். தனியாகப் போகாதீர்கள், ஒரு மூத்த மாணவரையாவது துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னத் தவறு என்றால் முதலில் அவரிடமே கேட்கலாம். ‘சார், போன வாரம் அந்த அம்மாவின் பெயரை வகுப்பில் சொல்லிவிட்டீர்கள், அது சரியா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது’ என்று ஒரு மாணவர் என்னுடன் வேலை செய்த ஒருவரிடம் கேட்டார். அவருக்கு முகம் சிவந்தது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வகுப்பில் வந்து, தான் செய்தது தவறு என்றார். எல்லாரும் இப்படி இருப்பார்கள் என்று உறுதி தர என்னால் முடியாது.

விடைபெறும் நாள்

பயிற்சி முடிந்து போகப்போகிறீர்கள் என்பதை வருபவரிடம் கடைசி நாளில் சொல்லாதீர்கள். குறைந்தது நான்கைந்து அமர்வுகளுக்கு முன்பே சொல்லுங்கள். அடுத்து யார் பார்ப்பார், உங்கள் குறிப்புகளில் எவை அவரிடம் போகும் என்று கேட்டு, ஒப்புதல் வாங்குங்கள். முடிந்தால் அடுத்தவரை ஓர் அமர்வுக்கு அழைத்து அறிமுகப்படுத்துங்கள். எண் கேட்பார்கள், அலுவலக எண்ணைக் கொடுங்கள். முகநூலில் நட்பு அழைப்பு வரும். ஏற்காதீர்கள், ஏன் ஏற்கவில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைத்தால் புண்படமாட்டார்.

கையில் ஏதாவது கொண்டுவருவார்கள். பணமோ நகையோ என்றால் கைகூப்பி மறுத்துவிடுங்கள். வீட்டில் சுட்ட முறுக்கு என்றால் விதிப்புத்தகத்தைத் தூக்காதீர்கள். மறுத்தால், ‘என் கையால் வாங்கமாட்டார்களோ’ என்ற நினைப்பு நம் ஊரில் சிலருக்கு எவ்வளவு பழைய காயத்தைத் தொடும் என்று உங்களுக்குத் தெரியும். பிரித்து, அவருக்கும் ஒன்று கொடுத்து, அங்கேயே ஒன்றைக் கடித்துக்கொண்டு பேசி முடியுங்கள். மாலையில் குறிப்பு எழுதும்போது அந்த முறுக்கையும் எழுதி, மேற்பார்வையாளரிடம் காட்டிவிடுங்கள்.